பதினான்கு ஃபிரேம்: துரத்தல் கார்ட்டூனில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

மலை விளிம்பைத் தாண்டி ஓடிவிட்ட பிறகுதான் கொயோட்டிக்குக் காலடியில் தரை இல்லாதது தெரிகிறது. நம் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறது. அப்புறம் விழுகிறது. மேலிருந்து பார்க்கும் காமிராவுக்கு அது சிறுத்துச் சிறுத்து மறைய 18 ஃபிரேம். மறைந்தபின் பள்ளத்தாக்கின் அடியில் புழுதி கிளம்ப இன்னும் 14 ஃபிரேம். இந்தக் கணக்கைச் சொன்னவர், ரோட் ரன்னர் என்ற பறவையைக் கொயோட்டி துரத்தும் அந்தப் படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ். 13 வைத்தாலும் சிரிப்பு வராது, 15 வைத்தாலும் வராது என்பது அவர் கட்சி. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது என்றால், அவர் வாதாடுவது ஒரு நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்குக்காக. கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். தொழில் நுணுக்கம் பேசும் கலைஞர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் எதில் தன் கவனம் முழுவதையும் வைத்தார் என்பது அந்தக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

துரத்தல் கார்ட்டூன்களைப் பற்றி எண்பது ஆண்டுகளாக எழுதப்பட்டவற்றைப் படித்தால், இந்த ஃபிரேம் கணக்கு ஓர் ஓரத்தில்தான் கிடக்கிறது. நடுக்கூடத்தில் வேறு இரண்டு விளக்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, இவை வன்முறைப் படங்கள், அடுத்தவன் அடிபடுவதில் நமக்குள்ள குரூர மகிழ்ச்சியே சிரிப்பாக வருகிறது என்பது. மற்றது, எளியவன் வலியவனை வெல்வதைக் கண்டு மகிழ்கிறோம் என்பது. இரண்டுமே முழுப் பொய்யல்ல. ஆனால் இரண்டாலும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி உண்டு: அதே பூனை, அதே எலி, அதே சுத்தியல் வேறு கைகளுக்குப் போனபோது சிரிப்பு ஏன் செத்துப்போனது? 1961க்கும் 1967க்கும் இடையில் இது ஒருமுறைக்கு மேல் நடந்தது. எந்தச் சோதனைக்கூடமும் திட்டமிடாமல் வரலாறு தானாக நடத்திக் கொடுத்த சோதனை அது. அதைச் சரியாகப் படிக்க, முதலில் அந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று பார்க்க வேண்டும்.

துரத்தல் கார்ட்டூனின் தாய்வீடு ஊமைப்படம். 1912இல் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனத்தில் மாக் சென்னட் எடுத்துத் தள்ளிய படங்களில், எந்தக் கதையாக இருந்தாலும் கடைசியில் ஒருவரை ஒருவர் துரத்தித்தான் முடியும். பஸ்டர் கீட்டன் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1925இல் வந்த ‘செவன் சான்சஸ்’ படத்தில் நூற்றுக்கணக்கான மணப்பெண்கள் அவரைத் துரத்துகிறார்கள்; போதாததற்கு மலைச்சரிவில் பாறைகளும் உருண்டு துரத்துகின்றன. 1927க்குப் பிறகு பேசும்படம் வந்ததும் காமிரா ஒலிவாங்கிக்குக் கட்டுப்பட்டது, நகைச்சுவை வாய்க்கு இடம்பெயர்ந்தது. உடம்பால் சிரிக்கவைக்கும் கலைக்கு ஹாலிவுட்டில் மிச்சமிருந்த நல்ல இடம் கார்ட்டூன்தான்.

ஆனால் சொத்து கைமாறியபோது முக்கியமான ஒன்று தொலைந்தது. கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் விழுவதால் பிழைக்கிறார். அது நிஜச் சுவர், நிஜ எடை. கணக்குச் சில அங்குலம் தவறியிருந்தால் ஆள் இல்லை. நம் சிரிப்பில் பாதி, பயம் கலைவதால் வருவது. வரைந்த பூனைமேல் வரைந்த சுவர் விழுந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது; பூனைக்கு எடையே கிடையாது. அந்த எடையை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அனிமேட்டர் கையில் இருப்பது ஓவியங்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் மட்டுமே. தூக்குவதற்கு முன் எத்தனை ஓவியம், விழும்போது எத்தனை, விழுந்தபின் அசையாமல் எத்தனை ஃபிரேம் என்ற கணக்கிலிருந்துதான் பூனைக்கு உடம்பு வருகிறது. ஏழு நிமிடக் கார்ட்டூனில் ஏறத்தாழ 10,000 ஃபிரேம். சாதாரண அசைவுக்கு ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். வேகமான இடங்களில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புது ஓவியம். காலத்தைச் செலவழிப்பது என்றால் இங்கே நேரடியாகவே பணத்தைச் செலவழிப்பது.

எம்.ஜி.எம். நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவில் 1937இல் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் வந்து சேர்ந்தார்கள். பார்பரா நியூயார்க்கில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தபடியே பத்திரிகைகளுக்குச் சித்திரம் வரைந்து அனுப்பியவர். ஹன்னாவுக்கு ஓவியக் கை அவ்வளவு இல்லை. இசை ஞானமும் நேரக் கணக்கும் இருந்தன. இருவரும் சேர்ந்து செய்த ‘புஸ் கெட்ஸ் தி பூட்’ 1940 பிப்ரவரியில் வெளியானது. பூனையின் பெயர் அதில் ஜாஸ்பர். இன்னொரு பொருளை உடைத்தால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவாய் என்று எஜமானி எச்சரிக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்ட எலி, கண்ணாடிக் கோப்பையைக் கையில் பிடித்துப் பூனையை மிரட்டுகிறது. பூனை, எலி என்பதெல்லாம் அரைத்த மாவு என்று அலுவலகத்திலேயே முணுமுணுப்பு இருந்தது. தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பிக்கும் தொடரும் ஆர்வம் இல்லை. படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. இந்தப் பூனை எலி மறுபடி எப்போது வரும் என்று டெக்சாஸிலிருந்து திரையரங்கு வட்டாரத்துக் கடிதம் வந்தது. மனம் மாறினார்கள். அலுவலகத்தில் பெயர்ப் போட்டி வைத்து, டாம் அண்ட் ஜெர்ரி என்று எழுதிக்கொடுத்த அனிமேட்டருக்கு 50 டாலர் தந்தார்கள்.

இன்று அந்த முதல் படத்தைப் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். நன்றாக வரைந்த படம்தான், ரோமம் ரோமமாக. ஆனால் நடக்கிறது, ஓடவில்லை. பூனை ஒரு காரியம் செய்வதற்குள் நாம் அதை ஊகித்துவிடுகிறோம். நான்கே ஆண்டில் வந்த ‘மவுஸ் டிரபிள்’ வேறு கலைஞர்களின் படம் போல இருக்கும். எலி பிடிப்பது எப்படி என்ற புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு டாம் பக்கம் பக்கமாகச் செயல்படுத்துகிறது. ஒவ்வொரு பக்கமும் ஓர் உதை. பக்கம் திரும்புவதே தாளமாகிவிடுகிறது. இடையில் என்ன நடந்தது? டெக்ஸ் ஏவரி நடந்தார். வார்னர் நிறுவனத்தில் பக்ஸ் பன்னியை உருவாக்கிவிட்டு 1940களின் தொடக்கத்தில் எம்.ஜி.எம்.முக்கு வந்தவர். அவருடைய படங்களில் ஒரு நகைச்சுவைக்கு விளக்கம் கொடுக்க நேரமே கிடையாது. கண்ணில் பட்டதும் அடுத்தது வந்துவிடும். பக்கத்து அறையில் அப்படி ஒரு மனிதர் வேலை செய்யும்போது நிதானமாக நடக்க யாருக்கு மனம் வரும்? ஹன்னாவும் பார்பராவும் வேகத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவருடைய பைத்தியக்காரத்தனத்தை எடுத்துக்கொள்ளவில்லை. டாம் எவ்வளவு சிதைந்தாலும் ஒரு வீட்டுப் பூனையின் முகம் அதற்கு இருந்தது. ஏவரியின் படங்களில் வரும் ஓநாய்க்கு அது தேவைப்படவில்லை.

ஹன்னா, பார்பரா இருவரின் வேலைப் பங்கீடுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. பார்பரா கதையையும் நகைச்சுவையையும் வேகவேகமாக ஓவியங்களாகப் போட்டுத் தள்ளுவார். அதை ஹன்னா எடுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை ஃபிரேம் என்று இசைத்தாளம் பிரித்த தாளில் எழுதுவார். பிறகு பார்பராவின் ஓவியங்களை மட்டும் அந்தக் கணக்கின்படி படம்பிடித்து ஓட்டிப் பார்ப்பார்கள். அசைவே இல்லாத இந்த வெள்ளோட்டத்தில் சிரிப்பு வருகிறதா என்பதுதான் பரீட்சை. அதில் தேறிய பிறகே இர்வென் ஸ்பென்ஸ், கென் மியூஸ், எட் பார்ஜ், ரே பேட்டர்சன் போன்ற அனிமேட்டர்களிடம் படம் போகும். சிரிப்பு முதலில் காலத்தில் கட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான் அதன்மேல் பூனையின் சதையும் தோலும் ஏறின.

டாமின் அலறலைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் குரல் ஹன்னாவுடையது. வால் எலிப்பொறியில் மாட்டுகிறது. உடனே கத்துவதில்லை. முகத்தில் ஒன்றும் இல்லாத ஒரு கணம், பிறகு கண் விரிகிறது, பிறகு வாய், பிறகுதான் அந்த ‘ஆஆ...’. வலிக்கும் அலறலுக்கும் நடுவிலுள்ள அந்த வெற்று இடத்தில்தான் அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. அலறல் வருவது சிரிப்பை அவிழ்த்துவிட. இசையும் இதே கணக்கில் ஓடியது. ஸ்காட் பிராட்லி ஏறத்தாழ இந்தத் தொடர் முழுவதற்கும் இசையமைத்தார். பூனை படியேறினால் சுரமும் ஏறும் என்ற பழைய வழக்கம் அவருக்குக் கைவந்ததுதான். அதோடு நிற்காமல், ‘புட்டின் ஆன் தி டாக்’ (1944) படத்தில் ஒரு நாய்த்தலை தனியாக நடந்துபோகும் காட்சிக்கு இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையைப் பயன்படுத்தினார். கச்சேரி மண்டபத்தில் எழுந்துபோகிற அமெரிக்க ரசிகன், அதே இசையைத் திரையரங்கில் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழில்முறையின் நிறைவான சான்று ‘தி கேட் கன்சர்ட்டோ’. 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் பெற்ற படம். டாம் மாலைநேர உடையில் மேடையேறி, லிஸ்ட் எழுதிய இரண்டாம் ஹங்கேரிய ராப்சொடியைப் பியானோவில் வாசிக்கிறது. உள்ளே சுத்திகளின் மேல் ஜெர்ரி உறங்குகிறது. கதை அவ்வளவே. இதில் துரத்துவதற்கு இடமே கிடையாது என்பதுதான் விசேஷம். வாசிப்பவன் நாற்காலியை விட்டு எழக்கூடாது, வாசிப்பும் நிற்கக்கூடாது. ஆகவே துரத்தல் முழுவதும் பியானோ கட்டைகளின் நீளத்துக்குள் சுருங்குகிறது. வழக்கமாக ஓடும் பூனைக்குத் தகுந்தபடி இசை வளையும். இங்கே நூறாண்டுக்கு முந்தைய ஓர் உருப்படி தன் காலப்பிரமாணத்தை விட்டுக்கொடுக்காமல் போகிறது, அடிதடி அதற்குள் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் விதம் அபாரம். டாம் எலியை விரலால் சுண்டி எறிவது ஒரு சுரத்தின் மேல் விழுகிறது. ஜெர்ரி மூடியை இறக்கி விரல்களை நசுக்குவது அழுத்தமான ஸ்வரக்கோப்பின் மேல். கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் எலிப்பொறி; அதன் மேலும் கீழும் டாமின் விரல் தாவித் தப்பிப்பது லிஸ்டின் துரிதப் பகுதியோடு பொருந்துகிறது. சுத்திகளின் மேல் ஜெர்ரி ஆடத் தொடங்கியதும் லிஸ்ட் திடீரென்று அன்றைய ஜனரஞ்சகப் பாட்டாக மாறி, மீண்டும் லிஸ்டாகிறது. டாமின் விரல்கள் சரியான கட்டையில்தான் விழுகின்றன என்பதை வாசிக்கத் தெரிந்தவர்கள் பார்த்தாலே சொல்வார்கள். கடைசியில் ஜெர்ரி முடிவை மறுபடி மறுபடி வாசித்து டாமைக் களைக்கவைக்கும் இடம் எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்தது. முடிந்தது என்று உடல் தளர்கிறது. இல்லை என்கிறது பியானோ. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனால் டாம் இதைவிடக் கொடூரமாக அடிபட்ட படம் வேறு இல்லை. அதே சமயத்தில் வார்னர் நிறுவனமும் அதே ராப்சொடியைப் பக்ஸ் பன்னி வாசிக்க ‘ராப்சொடி ராபிட்’ எடுத்தது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற சண்டை பல காலம் ஓடியது. அதில் தீர்ப்புச் சொல்ல இப்போது பெரிய பயன் இல்லை. நல்ல உருப்படியைப் பார்த்து இரண்டு பேருக்கு ஒரே எண்ணம் தோன்றுவது அதிசயமுமில்லை.

எளியவன் வெல்கிறான் என்ற விளக்கத்துக்கு வருவோம். ஜெர்ரி எப்போதும் எளியது, டாம் எப்போதும் தொல்லை தருவது என்று நினைப்பவர்கள் படங்களை நினைவிலிருந்து பேசுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால், சும்மா இருக்கும் டாமை ஜெர்ரி சீண்டுவது பல படங்களில் உண்டு. ‘தி மில்லியன் டாலர் கேட்’ (1944) படத்தில் டாமுக்கு ஒரு மில்லியன் டாலர் சொத்து வருகிறது, எந்த உயிருக்கும், ஓர் எலிக்குக்கூட, தீங்கு செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதைத் தெரிந்துகொண்ட ஜெர்ரி படுத்தும் பாடு கொஞ்சமல்ல. கடைசியில் டாம் பொறுமை இழந்து, பணம் போனால் போகிறது, ஆனால் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எலியைப் பின்னி எடுக்கிறது. அரங்கம் டாமோடு சேர்ந்து மகிழ்கிறது. நீதி என்ற அளவுகோலை இங்கே எப்படி நீட்டுவது? ஜோன்ஸ் இன்னும் தெளிவாக இருந்தார். ரோட் ரன்னர் படங்களுக்கென்று அவர் பின்னாளில் எழுதிவைத்த விதிகளில், அந்தப் பறவை ‘பீப் பீப்’ என்று சொல்வதைத் தவிரக் கொயோட்டிக்கு எந்தத் தீங்கும் செய்யக்கூடாது. கொயோட்டி விழுவது தன் முட்டாள்தனத்தாலும் ஆக்மி நிறுவனச் சாமான்கள் சொதப்புவதாலும் மட்டுமே. விரும்பினால் எந்த நிமிடமும் அது நிறுத்திக்கொள்ளலாம். வெறி விடாது. இதில் எளியவனும் இல்லை, வலியவனும் இல்லை. தன்னிடமே தோற்கிற ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான்.

வன்முறை விவாதம் அப்படி எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. தியேட்டரில் எல்லா வயதினருக்கும் காட்டிய படங்கள் 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலையில் குழந்தைகள் முன் வந்து நின்றன. ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னரின் குழுவினர் 1967இலிருந்து திரையில் வரும் வன்செயல்களை எண்ணத் தொடங்கியபோது, கார்ட்டூன்கள் பட்டியலின் மேலே போய் நின்றதில் வியப்பில்லை. சுத்தியலை எண்ணலாம். சுத்தியல் தூக்கிய நிலையில் நின்ற ஃபிரேம்களை அந்தப் பட்டியலில் எண்ண வழியில்லை.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவுடையது. ஸ்டான்ஃபோர்டில் பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 1963இல் வெளியிட்டது. பெரியவர் ஒருவர் காற்றடித்த பொம்மையை அடிப்பதை நேரில் பார்த்தவர்கள் ஒரு குழு, படமாகப் பார்த்தவர்கள் ஒரு குழு, ‘கார்ட்டூன்’ பார்த்தவர்கள் ஒரு குழு, எதுவும் பார்க்காதவர்கள் ஒரு குழு. பார்த்த மூன்று குழுக்களும் பார்க்காதவர்களைவிட அதிகம் அடித்தார்கள். ஆய்வின் நேர்மையில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கார்ட்டூன் எது தெரியுமா? கறுப்புப் பூனை வேடம் போட்ட ஒரு பெண்மணி பொம்மையை அடிப்பதைப் படம்பிடித்துத் தொலைக்காட்சித் திரையில் காட்டினார்கள். ஹெர்மன் என்று அந்தப் பூனைக்குப் பெயரும் வைத்தார்கள். ஓர் ஓவியம்கூட அசையவில்லை. வேடமிட்ட ஒரு மனிதரைப் பார்த்துக் குழந்தைகள் கற்றுக்கொள்வார்கள் என்பதை அது காட்டுகிறது. டாமையும் கொயோட்டியையும் பற்றி அதிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பெற முடியாது. ஆனாலும் அவற்றுக்கு எதிரான குற்றப்பத்திரிகையில் அந்த ஆய்வு அரைநூற்றாண்டாக இருந்துவருகிறது.

விவாதத்தின் விளைவு 1975இல் திரைக்கு வந்தது. ஹன்னா-பார்பரா நிறுவனமே தொலைக்காட்சிக்காகத் தயாரித்த புதிய தொடரில் டாமும் ஜெர்ரியும் நண்பர்கள். ஜெர்ரிக்குச் சிவப்பு ‘போ டை’. இருவரும் ஊர் சுற்றுகிறார்கள், கூட்டாகச் சாகசம் செய்கிறார்கள். அடி இல்லை, சிரிப்பும் இல்லை. அடியை எடுத்ததால்தான் சிரிப்பு போனது என்று வன்முறைக் கட்சிக்காரர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லலாம். அடியை அப்படியே வைத்திருந்து சிரிப்பை இழந்த படங்கள் இல்லாமலிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அதற்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலக் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் படங்களின் ஒரு கறையை அது கழுவாது. வெடி வெடித்ததும் பூனையின் முகம் கறுத்து, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் மேடை வேடமாக மாறுவது அந்நாளைய அமெரிக்கக் கார்ட்டூனில் வாடிக்கை. வீட்டு வேலைக்காரியாக வரும் மம்மி டூ ஷூஸ் பாத்திரமும் அந்த வார்ப்புதான்; லிலியன் ராண்டால்ஃபின் அருமையான குரல் அதற்கு ஓர் உயிர் கொடுத்தது என்பது வேறு விஷயம். கறுப்பின அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் 1952க்கு மேல் அந்தப் பாத்திரம் வரவில்லை. தொலைக்காட்சியில் பிறகு இந்த இடங்களை வெட்டியும் குரல் மாற்றியும் காட்டினார்கள். வெட்டிய இடத்தில் பிராட்லியின் இசை ஒரு தட்டுத் தடுமாறும். கேட்டாலே கத்திரி பட்டது தெரியும். வெட்டாமல், முன்னுரை ஒன்றுடன் முழுமையாகப் பெரியவர்களுக்குக் காட்டுவதே நேர்மை என்பது என் கருத்து. நகைச்சுவையாகத் தோன்றியவை யாருடைய செலவில் வந்தன என்பதும் வரலாறுதானே.

இப்போது சோதனைகள். எம்.ஜி.எம். 1957இல் கார்ட்டூன் பிரிவை மூடியது. பழைய படங்களை மறுபடி வெளியிட்டாலே கிட்டத்தட்ட அதே வருமானம் வரும்போது புதிது எதற்கு என்பது கணக்கர்களின் வாதம். 114 படங்கள், ஏழு ஆஸ்கர்கள். தொலைபேசியில் ஒரு செய்தி, வேலை முடிந்தது. சில ஆண்டுகளில் கணக்கர்களுக்கே மனம் மாறி, பிராகாவில் வேலைசெய்த ஜீன் டைட்ச் என்ற அமெரிக்கரிடம் 13 படங்களை ஒப்படைத்தார்கள். 1961-62இல் வெளிவந்தன. டைட்ச் திறமையற்றவர் அல்லர். ‘மன்ரோ’ படத்துக்காக அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். ஆனால் படம் ஒன்றுக்குச் சுமார் 10,000 டாலர் மட்டுமே. பழைய ஹாலிவுட் செலவு இதைப்போலப் பல மடங்கு. செக் அனிமேட்டர்கள் அசல் படங்களில் சிலவற்றைத்தான் பார்த்திருந்தார்கள். டைட்சுக்கோ இந்தத் தொடரின் அடிதடிமேல் முன்பிருந்தே வெறுப்பு.

விளைவு விசித்திரமானது. அடிதடி குறையவே இல்லை. சில படங்களில் டாமின் எஜமானராக ஒரு பருத்த மனிதர் வந்து, கோபத்தில் முகம் சிவந்து அதை அடித்து நொறுக்குகிறார். சுத்தியல்களை எண்ணும் ஆய்வாளருக்கு இதிலும் பழைய படத்திலும் வேறுபாடு தெரியாது. பார்ப்பவருக்கு உடனே தெரியும்: வலிக்கிறது. அடிக்கு முன் நிற்க வேண்டிய ஃபிரேம்கள் இல்லை, அடிபட்டபின் முகம் அமைதியாகும் அந்த வெற்றுக் கணம் இல்லை, எதிரொலி போட்ட ஓசைகள் அசைவோடு ஒட்டவில்லை. காலம் அவிழ்ந்ததும் அடி வெறும் அடியாக மிஞ்சிவிட்டது. ஒரு மிருகத்தை ஒரு முரடன் அடிக்கிறான் என்பது தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. இந்த 13 படங்களுக்கு அவற்றின் கனவுபோன்ற அபத்தத்துக்காக இன்று ரசிகர்கள் உண்டு. அந்த ரசனையும் எனக்குப் புரிகிறது. சிரிப்புப் படங்களாக அவற்றைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

அடுத்துப் பொறுப்பேற்றவர் சக் ஜோன்ஸே. 1963இலிருந்து 1967வரை 34 படங்கள். பணம் டைட்சைவிட அதிகம், ஃபிரேம் கணக்கின் பேராசான் வேறு. இருந்தும் பழைய கூர்மை வரவில்லை. என் வாதத்துக்கு இது இடறல் என்று தோன்றும்; நான் இதைத் துணையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஜோன்ஸின் காலம் காத்திருப்பின் காலம். விழுவதற்கு முன்னுள்ள பார்வை, விழுந்தபின்னுள்ள முகம். அது தனியாளுக்கு, தனக்குத்தானே தோற்கும் கொயோட்டிக்குப் பொருந்தும். டாமும் ஜெர்ரியும் இரண்டு பேர். ஒருவர் அடிக்க மற்றவர் பதிலடிக்க, இடைவெளி விடாமல் மாறி மாறிப் போக வேண்டும். ஜோன்ஸ் டாமுக்கு அடர்த்தியான புருவம் வைத்தார், ஜெர்ரிக்குக் கண்ணையும் காதையும் பெரிதாக்கினார். இருவரும் அழகாக நின்று நம்மைப் பார்க்கிறார்கள். ஓடுவதற்கு மனமில்லாதவர்கள் போல.

ஜோன்ஸ் கையைவிட்டுப் போன கொயோட்டிக்கும் இதே கதி. வார்னர் தன் கார்ட்டூன் பிரிவை மூடியபின், 1965-66இல் ரூடி லாரிவா 11 ரோட் ரன்னர் படங்களை இயக்கினார். ஜோன்ஸிடமே முன்பு அனிமேட்டராக இருந்தவர். அதே பாலைவனம், அதே பாறை, அதே ஆக்மி. இசை பெரும்பாலும் ஏற்கெனவே பதிவுசெய்து வைத்த துண்டுகளை ஒட்டியது. அதாவது, திரையில் விழும் கொயோட்டிக்கு என்று யாரும் எழுதாத இசை. அது விழுகிறது, புழுதி கிளம்புகிறது. விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். அந்த 18 ஃபிரேம், 14 ஃபிரேம் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஹன்னாவும் பார்பராவும் இதை எல்லோருக்கும் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1957இல் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் போனபோது, ஐந்து நிமிடப் படத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3,000 டாலர். அந்தப் பணத்தில் துரத்த முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அவர்கள் கொண்டுவந்த பிக்ஸி, டிக்ஸி, ஜிங்க்ஸ் தொடரும் பூனை எலிக் கதைதான். ஆனால் ஜிங்க்ஸ் பேசுகிறது, பேசிக்கொண்டே இருக்கிறது. எலிகளை வெறுப்பதாகச் சொல்வதே அதன் முத்திரை வசனம். ஓடிக் காட்ட வேண்டியதை வாயால் சொல்லிவிடுகிறது. எம்.ஜி.எம்.மில் வெள்ளோட்டம் பார்க்க அசைவில்லாமல் ஓட்டிய ஓவியச் சுருள் இருந்ததே, கிட்டத்தட்ட அதையே மெருகேற்றி ஒளிபரப்பினார்கள் என்றும் சொல்லலாம். அந்தச் சிக்கனத்திலிருந்து ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ போன்ற நல்ல தொடர்களும் பிறந்தன. அவை வேறு கலை. வானொலி நாடகத்துக்குப் படம் போட்டதுபோல.

நம்மில் பலர் டாம் அண்ட் ஜெர்ரியைச் சந்தித்தது 1995இல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக. பேச்சு அதிகமில்லாததால் எந்த மொழிக்காரருக்கும் அது அந்நியமாக இல்லை. ஆனால் பார்த்த விதம் அந்தப் படங்களுக்குச் சாதகமானதல்ல. ஆண்டுக்கு ஆறேழு என்ற கணக்கில் வெளியாகி, திரையரங்கில் முழுநீளப் படத்துக்கு முன் ஒன்றே ஒன்று, பெரிய திரையில், நிறைந்த கூட்டத்தோடு பார்க்க எடுத்தவை. அவற்றை ஒரு மணி நேரம் வரிசையாக, ஹன்னாவையும் டைட்சையும் ஜோன்ஸையும் கலந்து, வீட்டில் தனியாகப் பார்த்தோம். சில டாம்கள் நன்றாக இருப்பதும் சில டாம்கள் ஏனோ சரியில்லாமல் இருப்பதும் குழந்தைகளுக்கே தெரிந்தது. தலைப்பு அட்டையின் எழுத்தைப் பார்த்தே ‘ஐயோ, இந்த டாமா’ என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஃபிரேம் கணக்கு பற்றிக் கேள்விப்படாத அந்த ரசிகர்களின் தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஹன்னா 2001இல் காலமானார். 2005இல், தம் 94ஆம் வயதில், பார்பரா ‘தி கராத்தே கார்ட்’ என்ற புதிய டாம் அண்ட் ஜெர்ரி குறும்படத்தை ஸ்பைக் பிராண்டுடன் சேர்ந்து இயக்கினார். பழைய அளவிலான கண், பழைய பாணி வண்ணம், ஜெர்ரிக்குக் காவலாக அழைத்ததும் வந்து நிற்கும் நாய் என்று எல்லாம் அன்புடன் செய்த வேலை. கருவும் நகைச்சுவைகளும் பார்பராவின் கை என்று பார்த்ததுமே சொல்லலாம். நாய் தோன்றும் ஒவ்வொரு முறையும் டாம் திகைத்து நிற்கிறது. அந்தத் திகைப்பை ஒரு மூச்சு முன்னதாகவே விட்டுவிட்டு அடி வாங்கப் போய்விடுகிறது.